இடக்கையா, வலக்கையா? இளம் ஜேர்மன் சிப்பாய்களின் போர் நினைவுநூல்கள்

1992 ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படையின் வரலாற்று இதழான 'ஆர்மி ஹிஸ்டரி'யில் எட்வின் கென்னடி என்ற படை அதிகாரி சிறு கட்டுரை ஒன்றை எழுதினார். கீ சாயேரின் 'மறக்கப்பட்ட சிப்பாய்' நினைவுநூலா, புனைவா என்பது கேள்வி. புனைவுதான் என்றார் கென்னடி. இளம் ஜேர்மன் காலாட்படையினரின் நினைவுநூல்களைப் பற்றி இன்று யார் பேசத் தொடங்கினாலும் இந்தத் தீர்ப்பில் முட்டாமல் போவதில்லை. கென்னடி கேட்ட கேள்வியே தவறானது என்பது இக்கட்டுரையின் வாதம். சரியான கேள்வியைக் கேட்பதற்குத் தமிழ் வாசகர்களிடம், அதிலும் நோர்பரி போன்ற தென் லண்டன் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழ் வாசகர்களிடம், தனிக் காரணம் உண்டு.

சாயேர் என்பது புனைபெயர். கீ முமினூ 1927 இல் பாரிஸில் பிறந்து அல்சாஸில் வளர்ந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஜேர்மானியர். 1942 இல், பதினாறு வயதும் நிரம்பாத நிலையில், ஜேர்மன் படையில் சேர்ந்து பின்னர் 'குரோஸ்டொய்ச்லாண்ட்' என்ற தெரிவுப் படைப்பிரிவில் ரஷ்ய முனையில் சண்டையிட்டதாகச் சொல்கிறார். நூல் 1967 இல் பிரெஞ்சில் வந்தது, 1971 இல் ஆங்கிலத்தில். அமெரிக்க மரைன் படையின் வாசிப்புப் பட்டியலில் ஏறியது. படை மாணவர் கையில் கொடுக்கும் நூல் பொய்யாக இருக்கக்கூடாது என்ற கென்னடியின் அக்கறை நியாயமானதே.

ஆனால் அவர் பெரிதாக நம்பிய சான்று ஒரு துணிப் பட்டி. படைப்பிரிவின் பெயர் பொறித்த அந்தப் பட்டியை இடது சட்டைக் கையில் தைத்தோம் என்று சாயேர் எழுதுகிறார். உண்மையில் அது வலது கைக்கு உரியது. அத்தனை பெருமைக்குரிய அடையாளத்தை எந்தக் கையில் அணிந்தோம் என்பதை அணிந்தவன் மறப்பானா என்று கேட்டார் கென்னடி.

அந்தப் பட்டியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். சட்டைக் கையின் கீழ்ப்பகுதியைச் சுற்றித் தைக்கும் ஒடுக்கமான நாடா அது. 1939 இல் பச்சைத் துணியில், பழைய கொதிக் எழுத்தில் வந்தது. போர் நடக்க நடக்கத் துணி கறுப்பானது; வெள்ளி நூலில் கையெழுத்துப் பாணி எழுத்து வந்தது. நிறமும் எழுத்தும் மாறினாலும் வலது கை என்ற விதி மாறவில்லை. அதே காலத்தில் எஸ்.எஸ். படையினர் தங்கள் பிரிவுப் பட்டிகளை இடது கையில் தைத்தார்கள். கிரீட் தீவுச் சண்டைக்கும் ஆபிரிக்கப் போருக்கும் கொடுத்த நினைவுப் பட்டிகளும் இடது கைக்கு உரியவை. 1945 இல் வந்த 'குர்லாந்து' பட்டியும் அப்படியே. ஆக, எழுத்துப் பொறித்த பட்டியை இடது கையில் காண்பதுதான் அன்றைய ஜேர்மன் படையில் பரவலான காட்சி. பதினாறு வயதில் தைத்ததை ஆண்டுகள் பல கழித்து நினைவுகூர்பவனின் மனம், தன் சட்டையையும் பிறர் சட்டையையும் குழப்பிக்கொள்ள இது போதாதா?

இன்னொன்றும் உண்டு. முமினூ தொழில்முறைச் சித்திரக்காரர். டிமித்ரி என்ற பெயரில் பிரெஞ்சுச் சித்திரக்கதை உலகில் அறியப்பட்டவர். உடுப்பையும் ஆயுதத்தையும் படம் பார்த்துத் திருத்தி வரைவது அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவர் உட்கார்ந்து பொய்க் கதை கட்டியிருந்தால், எந்தச் சீருடை நூலைப் புரட்டினாலும் கிடைக்கும் தகவலைத் தவற விட்டிருப்பாரா? சரிபார்த்து எழுதுவது புனைபவரின் வேலை. நினைவை நம்பி எழுதுபவருக்குச் சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றாது. இந்த வாதத்துக்குப் பின்னால் ஆவணம் எதுவும் இல்லை, ஊகம்தான். என்றாலும் ஒரே ஒரு சட்டைக் கையை வைத்து முழு நூலையும் தள்ளிவிடும் வாதத்தைவிட இது வலுவானது.

1997 இல் அதே இதழில் டக்ளஸ் நாஷ் மறுப்பு எழுதினார். சாயேர் அவருக்கு அனுப்பிய கடிதத்தில், தான் எழுதியது போர் வரலாறு அல்ல என்றும், சீருடை, இடம், தேதி பற்றிய விபரங்களில் பிழை இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டிருந்தார். முதலில் சந்தேகித்த, அந்தப் படைப்பிரிவின் வரலாற்றை எழுதிய ஹெல்முட் ஸ்பேட்டர், பின்னர் மனம் மாறினார். இதனால் நூல் முழுவதும் மெய் என்று ஆகிவிடாது. சாயேர் தன் குறிப்பேடுகளை 1950 களில் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. அவற்றுக்கும் அச்சான நூலுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது தீராத கேள்வி. 2022 ஜனவரியில் முமினூ காலமானார்.

கென்னடி கேட்காமல் விட்ட கேள்விகள் இரண்டு. எப்போது எழுதப்பட்டது? எதைப் பற்றிப் பேசவில்லை?

கிழக்கு முனையைப் பற்றிய அத்தனை பெரிய நூலில், அதே மண்ணில் நடந்த யூதப் படுகொலை பற்றி ஏறக்குறைய மௌனம். பட்டியின் பிழையைவிடப் பன்மடங்கு கனமானது இந்த மௌனம். பக்கத்தில் வில்லி பீட்டர் ரீசெயை வைத்துப் பாருங்கள். 1921 இல் டுயிஸ்பர்க்கில் பிறந்த வங்கிப் பயிலுநர். 1944 தொடக்கத்தில் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, தன் குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு ரஷ்யப் போர் அனுபவத்தை எழுதி முடித்தார். கொள்ளையிட்டதையும் கொன்றதையும் தன் கூட்டத்தாரின் செயலாகவே எழுதினார். 1942 இல் எழுதிய ஒரு கவிதையில் யூதர்களைக் கொன்றதைத் தன் படையின் செயல்களில் ஒன்றாகச் சொல்கிறார். 1944 ஜூன் மாதத்தில் விதெப்ஸ்க் அருகே மறைந்தார். நாள் உறுதியாகத் தெரியவில்லை. ரீசெயின் தாய் காத்து வைத்த பிரதி 2003 இல்தான் நூலானது. கண்ணெதிரே போர் நடக்கும்போது, பதிப்பாளர் யாரும் இல்லாமல் எழுதியவர் சொன்னதை, போருக்குப் பின் பிரான்சில் இருந்து எழுதியவர் சொல்லவில்லை.

ஒரே ஆசிரியரின் கையிலும் காலம் வேலை செய்யும். முதல் உலகப்போரில் காயம்பட்டுக் காயம்பட்டு மீண்ட ஏர்ன்ஸ்ட் யூங்கர் தன் நாட்குறிப்புகளிலிருந்து 1920 இல் வெளியிட்ட 'எஃகுப் புயலில்' நூலைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். 1924 திருத்தத்தைப் பின்பற்றி 1929 இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஜேர்மனிக்கான தேசிய முழக்கத்தோடு முடிகிறது. 1961 பதிப்பைப் பின்பற்றி 2003 இல் வந்த மொழிபெயர்ப்பு, அவருக்குக் கிடைத்த விருதை அறிவிக்கும் தந்தியோடு நிற்கிறது. இரண்டில் எதைக் கையில் எடுத்தோம் என்று தெரியாமல் யூங்கரைப் பற்றிப் பேசக்கூடாது. மூல நாட்குறிப்புகள் அச்சேறவே 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போருக்குள் எழுதியவர் அதிகம் சொல்வார், பின்னர் எழுதியவர் குறைவாகச் சொல்வார் என்ற கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் அது தலைகீழாகிறது. விடுதலைப் புலிகள் இயக்கப் போராளியான மலரவன் 1990 நவம்பர் மாங்குளம் முகாம் தாக்குதலுக்குச் சென்ற பயணத்தை 'போர் உலா' என எழுதினார். 1992 இல், இருபது வயதில் இறந்தார். அதன் பிறகே அது நூலானது. ஆங்கிலத்தில் 2013 இல் பென்குவின் வெளியிட்டது. ரீசெயைப்போல இளைஞர்; ரீசெயைப்போல இறந்த பின் அச்சேறியவர். ஆனால் ரீசெயின் பிரதி தாயின் பாதுகாப்பில் கிடந்தது. மலரவனின் எழுத்தோ போர் நடந்துகொண்டிருந்த மண்ணிலேயே, போரிட்ட தரப்பின் வாசகர்களுக்காக அச்சேறியது. எதிர்த்திசையில் அதே இயக்கத்தைச் சேர்ந்த தமிழினி: சிறை, புனர்வாழ்வு, நோய் எல்லாவற்றுக்கும் பின் எழுதி, 2015 அக்டோபரில் மறைந்தார். 2016 இல் காலச்சுவடு வெளியிட்ட அவரது 'ஒரு கூர்வாளின் நிழலில்' தன் இயக்கத்தையே விசாரிக்கிறது. இங்கே போருக்குப் பின் எழுதியவர்தான் அதிகம் பேசுகிறார். ஆகவே எழுதிய காலம் மட்டும் போதாது. வெளியிட்ட கை எது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். தமிழினியின் நூலைப் பற்றி எழுந்த சச்சரவிலோ, இதை அவர்தான் எழுதினாரா, பிறர் கை உண்டா என்ற கென்னடி பாணிக் கேள்வியே முன்னால் நின்றது. நூல் என்ன சொல்கிறது என்பது பின்தள்ளப்பட்டது.

அடேல் பாலசிங்கத்தின் நினைவுநூலும் 2001 இல், நோர்பரிக்கு அடுத்த மிச்சம் (Mitcham) பகுதியிலிருந்து ஃபேர்மக்ஸ் வெளியீடாக வந்தது. அது இயக்கத் தலைமையின் அருகில் இருந்தவரின் பார்வை. பதுங்குகுழியில் இருந்த இளம் போராளிகளின் குறிப்பேடுகள் புலம்பெயர்ந்த வீடுகளின் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள்: திருத்தாமல், வெட்டாமல், அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை படமெடுத்து வையுங்கள். எந்த மையில், எந்த ஆண்டில் எழுதியது, யார் கையால் திருத்தியது என்று தெரிந்ததைத் தனித் தாளில் குறித்து, நூலகம் நிறுவனம் போன்ற காப்பகத்தில் மூலத்தோடு சேர்த்தே ஒப்படையுங்கள்.