தங்கமீனும் நீர்ச்செடியும்: ஒரு வகுப்பறைத் தொட்டி கற்பித்த வரலாறு



பாடாங் செராயில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்காக வகுப்பறையில் மீன்தொட்டி ஒன்று வைத்தேன். இரண்டு தங்கமீன்கள், ஒரு கட்டு ஹைட்ரில்லா. ஒரே வாரத்தில் செடியின் தண்டுகள் மட்டுமே எஞ்சின. "ஐயா, பிளாஸ்டிக் செடியே போதாதா?" என்று ஒரு மாணவன் வினவினான். அவ்வினாவே என்னை வரலாற்றிடம் அழைத்துச் சென்றது.

தங்கமீன் வளர்ப்பு ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன், சீனாவின் சொங் அரசமரபுக் காலத்தில் தழைத்தது. அக்காலத்தில் மீன்கள் குளங்களில் வாழ்ந்தன. பின்னாளில் ஐரோப்பியர் அவற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டபோது, நீரை அடிக்கடி மாற்ற வேண்டியதாயிற்று.

1849-இல் இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்தார். ஒளியில் செடி உயிர்வளியை வெளியிடும் என்பது 1779-இலேயே யான் இங்கன்ஹவுஸ் காட்டிய உண்மை. எனினும் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. வாரிங்டன் மனந்தளராது குளத்து நத்தைகளைச் சேர்த்தார். அவை அழுகலைத் தின்றன, நத்தை முட்டைகள் மீனுக்கு உணவாயின, நீர் தெளிந்தது. 1850-இல் அவர் இம்முடிவை வெளியிட்டார். 1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. செடி வெறும் அலங்காரமன்று. மீனின் வாழ்வுத் துணை என்பதே மாணவனுக்கு நான் கண்ட விடை.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வணிகத்தின்வழி இலங்கையிலிருந்து அமெரிக்கா சென்ற ஹைட்ரில்லா, புளோரிடாவின் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டது. நம் நாட்டிலும் தென்னமெரிக்கக் கபோம்பா பகாங்கின் தாசேக் சினி ஏரியில் பரவியது.

எனவே இம்முறை ஆய்ந்து தேர்ந்தோம். ஜாவா பெரணி நம் தீபகற்பத்துக் காட்டோடைகளில் இயல்பாகவே வளர்வது. ஆப்பிரிக்க அனுபியாசைப் போல அதன் இலையும் தடித்தது. தங்கமீன் எளிதில் தின்னாது. இரண்டிற்கும் மிகுந்த ஒளி வேண்டா. கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். ஆதலால் நூலால் கல்லில் கட்டினோம். வாலிஸ்னேரியாவை மீன் பெயர்த்துவிடாதவாறு வேரைச் சுற்றிக் கற்களை அடுக்கினோம். தங்கமீனின் கழிவு மிகுதியாதலின், வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுதலும் வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தொட்டியைத் துப்புரவு செய்கையில், வெட்டிய செடியைக் கால்வாயிலோ ஆற்றிலோ எறியவிடாதீர்கள். வெயிலில் நன்கு காயவைத்துக் குப்பையில் சேருங்கள். ஒரு கட்டுச் செடி ஓர் ஏரியின் தலைவிதியை மாற்றவல்லது என்பதைப் பிள்ளைகள் இச்சிறு தொட்டியிலேயே கற்கட்டும்.