முக்காலியின் யுக்தி

நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. தரை மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று கால்களும் மண்ணைத் தொட்டுக்கொண்டே நிற்கும். ஆனால் முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள்! கால் இல்லாத பக்கமாக உங்களைக் கவிழ்த்துவிடும். மூன்று சக்கர வண்டியின் சரித்திரமும் இந்தக் குணத்தையும் குற்றத்தையும் பற்றியதுதான்.

1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் பேடண்ட் கோரிய மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். முன்னால் இரண்டு சக்கரங்களை வைத்து அவற்றை ஒழுங்காகத் திருப்பும் வழி அவருக்குத் திருப்தியாக அமையவில்லை. ஆகவே முன்னால் ஒற்றைச் சக்கரத்தை வைத்தார். மெதுவாகப் போகிற வண்டிக்கு அது போதும். வேகமாகப் போகிற வண்டிக்கு வளைவில் பிரேக் போட்டால், பாரமெல்லாம் முன்னோக்கியும் வெளிப்புறமாகவும் சாய்கிறது. அந்த மூலையில்தான் தாங்கக் கால் இல்லையே!

இங்கிலாந்தில், மால்வர்னைச் சேர்ந்த ஹெச். எஃப். எஸ். மார்கன் 1909-ல் இந்த முக்காலியைத் திருப்பிப் போட்டார். அவர் பாதிரியாரின் பிள்ளை. ரயில்வே தொழிற்சாலையில் வேலை பழகியவர். விற்பதற்காக அல்ல, தாமே ஏறிப் போவதற்காக ஒரு வண்டி செய்ய நினைத்தார். மால்வர்ன் பள்ளியில் இயந்திர வேலை போதித்த ஸ்டீஃபன்சன் பீச் தம் பட்டறையில் உதவினார். இரும்புக் குழாய்ச் சட்டம், ஏழு குதிரைச் சக்தி பிஜோ எஞ்சின், ஒரே ஆசனம். முன்னால் இரண்டு சக்கரங்கள். பின்னால் சங்கிலி இழுத்து ஓட்டும் ஒன்று.

யுக்தியெல்லாம் முன்புறத்தில் இருந்தது. ஒரே அச்சில் கோத்த இரு சக்கரங்களில் ஒன்று கல்லில் ஏறினால் மற்றதும் சாய்ந்து கொடுக்கும். மார்கன் அவற்றைப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் செங்குத்தாக ஒரு தூண். சக்கரத்தின் குட்டை அச்சு அந்தத் தூணில் மேலும் கீழும் வழுக்கும். சுருள் ஸ்பிரிங் தாங்கும். சக்கரம் திரும்புவதும் அதே தூணைச் சுற்றித்தான். ஒரு சக்கரத்துக்கு நேர்ந்த அதிர்ச்சி மற்றதற்குத் தெரியவே தெரியாது. பின்சக்கரத்தின் கவையைப் பட்டை ஸ்பிரிங்குகள் தாங்கின.

இவ்வளவு அக்கறை எப்படி வந்தது? செய்தவனே ஏறுகிற வண்டியில் தப்பு இருந்தால் முதலில் நோவது அவன் முதுகெலும்புதான். வாங்குகிறவனைச் சமாதானப்படுத்தப் பேச்சு போதும். முதுகெலும்பு பேச்சுக்கு மசியாது.

1910-ல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் ஒற்றை ஆசன வண்டியைப் பார்த்தவர்களில் சிலரே வாங்க முன்வந்தார்கள். மறு வருஷம் இரண்டாவது ஆசனம் வந்தது, வியாபாரமும் பிடித்துக்கொண்டது. வண்டி இலேசானதால் பிரிட்டனில் வரியும் குறைவு. 1936-ல் நான்கு சக்கர மார்கன் வந்தது. 1952-ல் மூன்று சக்கர வண்டி நின்று, 2011-ல்தான் மறுபடி உயிர் பெற்றது. ஆனால் அந்த முன் தூண்கள் நான்கு சக்கர வண்டிக்கும் போய்ச் சேர்ந்தன. மார்கன் 1959-ல் காலமான பிறகும், இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் அவை வேலை செய்தன. ஒரு வாலிபர் தம் சொந்த சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.