டிரையாங்கிள் தீ விபத்து: நூறாண்டுகள் பெயரின்றிக் கிடந்த ஆறு பேர்

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, நியூயார்க்கில் வாஷிங்டன் பிளேஸும் கிரீன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த ஆஷ் கட்டடத்தில் தீப்பிடித்தது. பெண்களுக்கான சட்டை தைக்கும் டிரையாங்கிள் ஆலை அதன் 8, 9, 10ஆம் மாடிகளில் இயங்கிவந்தது. ஏறக்குறைய அரை மணி நேரம் எரிந்த அந்தத் தீ 146 உயிர்களைக் குடித்தது. அவர்களில் 123 பேர் பெண்கள், பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது, அவசரப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது, தீயணைப்பு ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. தொழிலாளர் சட்ட வரலாறு இவற்றையெல்லாம் விரிவாகப் பேசியிருக்கிறது. ஆனால் அந்த வரலாறு ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும் தலைமையேற்ற விசாரணை ஆணையத்தை நோக்கி விரைந்துவிடுவதால், இறந்தவர்களில் ஆறு பேர் நூறாண்டுகள் பெயரின்றிக் கிடந்த செய்தி அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. அவர்களை அடையாளம் காண முடியாமல் போனதற்கு நெருப்பின் மீது பழி போடுவதே வழக்கம். உருவத்தை நெருப்பு அழித்தது உண்மை. பெயர்கள் தொலைந்ததற்கு, இறந்தவர்களைப் பதிவுசெய்த முறையே காரணம் என்று சான்றுகள் காட்டுகின்றன.

அந்த முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். ஈஸ்ட் 26ஆம் தெரு படகுத்துறைக் கொட்டகையைத் தற்காலிகப் பிணக்கிடங்காக்கி, சவப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். முகம் தெரியும்படி தலைகள் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தன. போலீஸ்காரர்கள் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, உறவினர்கள் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துச் சென்றார்கள். முகம் கருகிப்போனவர்களைக் காட்டிக்கொடுத்தவை மோதிரமும், செருப்புக் குதிகாலில் போட்ட ஒட்டும், காலுறையில் வீட்டார் கைப்பட இழையோட்டிய தையலும்தான். அதாவது, ஒருவரது காலுறையைத் தைத்துக் கொடுக்கும் அளவுக்கு நெருங்கிய ஒருவர் அதே ஊரில் இருந்து, அங்கே வந்து நின்று, அந்தக் கோரத்தைத் தாங்கி உற்றுப் பார்த்தால்தான் பெயர் கிடைக்கும். கப்பலில் தனியாக வந்திறங்கிய ஒருவருக்கு அப்படி யார் இருப்பார்கள்? அடையாளம் காணும் பொறுப்பு முழுவதும் துக்கத்தில் இருந்த உறவுகளின் தலையில் விழுந்தது.

எஞ்சிய உடல்களைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி தொழிற்சங்கம் கேட்டது. நகர நிர்வாகம் மறுத்தது. உடல்கள் ஊர்வலத்தில் சென்றால் கொந்தளிப்பு மூளும் என்ற அச்சம் அதற்கு இருந்தது. ஏப்ரல் 5 அன்று, புரூக்ளினின் எவர்கிரீன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் நிர்வாகமே அவர்களைப் புதைத்தது. அதே நாளில், கொட்டும் மழையில், இலட்சக்கணக்கான மக்கள் மன்ஹாட்டன் தெருக்களில் திரண்டார்கள். ஊர்வலத்தில் ஆறு வெள்ளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற பூ மூடிய சவ வண்டி காலியாக இருந்தது. உடல் ஓரிடம், துக்கம் ஓரிடம் என்று அன்றைக்கே பிரிந்துவிட்டது.

கல்லறைமேல் பின்னர் எழுந்த நினைவுச் சின்னம் இந்தப் பிரிவை நிலைப்படுத்தியது. சிற்பி ஈவ்லின் பியாட்ரிஸ் லாங்மன் 1912இல் வடித்தது, தலை கவிழ்ந்து மண்டியிட்டுத் துயருறும் ஒரு பெண் உருவம். அழகான வேலைப்பாடு, ஐயமில்லை. ஆனால் பூட்டிய கதவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. கல்வெட்டு அங்கே புதைந்தவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பொதுவாகக் குறித்தது.

இந்த நிலை மாறியது நூற்றாண்டு நினைவு நெருங்கிய வேளையில். மைக்கேல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர், இறப்புச் சான்றிதழ்களையும் கல்லறைப் பதிவுகளையும், 1911ஆம் ஆண்டின் இத்திஷ், இத்தாலிய மொழிப் பத்திரிகைகள் உள்ளிட்ட செய்தித்தாள்களோடு ஒப்பிட்டார். காணாமல் போனதாகக் குடும்பத்தார் சொன்னவர்களில், வேறெங்கும் கல்லறை இல்லாதவர் யார் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. விடை 2011 பிப்ரவரியில் வெளியானது: மேக்ஸ் புளோரின், ஃபேனி ரோசன், டோரா இவான்ஸ், ஜோசபின் கம்மராட்டா, மரியா லவுலெட்டி, கொன்செட்டா பிரஸ்டிஃபிலிப்போ. அவர் கையாண்ட சான்றுகளில் முக்கியமானவை 1911இலேயே அச்சில் இருந்தவை. உடல்களின் பட்டியல் நகர நிர்வாகத்திடம் இருந்தது. காணாமல் போனவர்களின் பட்டியல் குடியேறிகளின் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க நூறாண்டுகள் ஆயின.

மரபணுச் சோதனை இல்லாமல், எந்தச் சவப்பெட்டியில் யார் என்று தெரியாதபோது, இதை எப்படி ‘அடையாளம் கண்டது’ என்று ஏற்பது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன. இந்த எலும்பு யாருடையது என்பது ஒன்று. இறந்தும் கணக்கில் வராதவர் யார் என்பது மற்றொன்று. ஹிர்ஷ் விடை சொன்னது இரண்டாவதற்கு. நினைவுகூரலுக்கு அது போதும். ஆறு பேரும் புதைந்திருப்பது ஒரே இடத்தில்தானே.

இன்னொரு மறுப்பு சற்று நுட்பமானது. பெயரின்மையே அவர்களை எல்லாத் தொழிலாளருக்குமான குறியீடாக உயர்த்தியது. போர்களில் இறந்த பெயர் தெரியாத வீரருக்கு நாடுகள் எழுப்பும் நினைவிடம் போன்றது அது. பெயரிட்டால் அந்த வலிமை குறையும் என்கிறது அந்த மறுப்பு. ஊர்வலத்தின் காலி வண்டிக்கு அந்த வலிமை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறு பேரில் மேக்ஸ் புளோரின் ஓர் ஆண். மரியா லவுலெட்டி முப்பது வயதைக் கடந்தவர். பெண்கள், குழந்தைகள் என்று செதுக்கிய கல்வெட்டில் புளோரினுக்கு இடமே இல்லை. பரிதாபத்துக்கு ஏற்ற ஒரு வடிவத்தை முன்பே தீர்மானித்துவிட்டு, இறந்தவர்களை அதற்குள் திணித்த குறியீடு அது. தவிர, பெயர் தெரியாத வீரரை அரசு குறியீடாகத் திட்டமிட்டே தேர்ந்தெடுக்கிறது. இவர்களை அப்படி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தேடாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

2011 மார்ச் 25 அன்று நடந்த நூற்றாண்டு நிகழ்ச்சியில் 146 பெயர்களும் முதல்முறையாக முழுமையாக வாசிக்கப்பட்டன. இப்போது பிரவுன் கட்டடம் என்று அழைக்கப்படும் அதே கட்டடத்தின் வெளிச்சுவரில் 2023 அக்டோபர் 11 அன்று திறக்கப்பட்ட எஃகு நினைவுச் சின்னத்தில் இந்த ஆறு பெயர்களும் இடம்பெற்றுள்ளன. தொழிலாளர் அமைப்புகளும் ஆர்வலர்களும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு ஆண்டுக்கணக்கில் முயன்றதன் பலன் அது. பெயர்களைக் கண்டுபிடித்தவரும் ஒரு தனி ஆய்வாளர்தான். 1911இல் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியது நகர நிர்வாகம்.