உப்பும் உமிழ்நீரும்

சடங்கு என்பது யாதெனத் திருப்பதியில் வாழ்வோருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முடி இறக்குவோரும், மலைப்படி ஒவ்வொன்றிலும் மஞ்சளும் குங்குமமும் இட்டு ஏறுவோரும், நேர்ந்துகொண்ட காசை மஞ்சள் துணியில் முடிந்து வருவோரும் நாள்தோறும் நம் கண்முன் செல்கின்றனர். பிழைப்பின் பொருட்டு இவ்வூருக்கும் சித்தூருக்கும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், புறச்செயல் ஒன்று அகப்பொருளை எவ்வாறு சுமக்கிறது என்பதை நூலால் அன்றிக் காட்சியாலேயே அறிந்தவர்கள். அவ்வறிவைத் துணையாகக் கொண்டு, நம் அண்டை வீட்டாராகிய கத்தோலிக்கரின் சடங்குகளைப் பற்றிய பழைய வழக்கொன்றை இங்கே ஆராய விழைகிறோம். அவ்வழக்கு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. ரோமாபுரி வரை சென்றது. அதன் முன்கதை நம் சந்திரகிரிக் கோட்டையின் நிழலில் தொடங்குகிறது.

விசயநகரப் பேரரசின் கடைசித் தலைநகர்களுள் ஒன்று சந்திரகிரி. இரண்டாம் வேங்கடபதி ராயர் அங்கிருந்து ஆண்ட காலத்தில், 1598 ஆம் ஆண்டளவில், மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து இயேசு சபைத் துறவியர் அவரது அவையை நாடி வந்தனர். அரசர் அவர்களை நன்கு வரவேற்றார். பின்னாளில் இத்தாலிய ஓவியத் துறவி ஒருவரும் அவ்வவையில் இடம்பெற்றார். ஆயினும் அப்பணி இங்கே வேர்விடவில்லை. அக்காலத் தென்னாட்டு மக்களின் கண்ணில் கிறித்தவம் என்பது பரங்கியர் மதம். திருமுழுக்குப் பெறுதல் இறைவனிடம் சேர்தல் என்று குருக்கள் கூறினர்; பரங்கிக் குலத்தில் சேர்தல் என்று மக்கள் பொருள் கொண்டனர். நீர் ஒன்றுதான், அது சொல்லிய செய்தி இரண்டாயிற்று.

கத்தோலிக்கத் திருச்சபையில் இத்தகைய அருட்சடங்குகள் ஏழு: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். ஏழு என்னும் எண்ணிக்கையை 1547 இல் திரெந்துப் பொதுச்சங்கம் உறுதி செய்தது. இவற்றிற்குத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'தேவதிரவிய அனுமானம்' என்பதாம். இன்றைய இளைஞருக்கு இச்சொல் வியப்பூட்டும். நமக்கோ இதைவிடப் பொருத்தமான சொல் எளிதில் கிட்டாதெனத் தோன்றுகிறது. தேவதிரவியம் இறைவனின் செல்வம். அனுமானம், காணும் குறியைக் கொண்டு காணாப் பொருளை உணர்தல். புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல. நீர் காணும் குறி, மன்னிப்பு காணாப் பொருள். 'திருவருட்சாதனம்' என்றும் 'அருளடையாளம்' என்றும் பின்னர்ச் சொற்கள் மாறின. தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே இச்சடங்குகளுக்கு இடம் உண்டு என்பதையும் நினைவூட்டலாம். 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய இரண்டே ஆண்டுகளில், பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கூறும் 'கொம்பெசியோனாயரு' கொச்சியில் அச்சாயிற்று.

1606 இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பரங்கிப் பெயரைத் துடைக்க முற்பட்டார். அந்நாளில் மதுரை நாயக்கரும் வேங்கடபதி ராயருக்கு அடங்கியவரே. காவி உடுத்து, புலால் நீத்து, தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்ற நொபிலி, சடங்குச் சொற்களையும் மாற்றினார். அதுவரை திருப்பலியைக் குறிக்க வழங்கிய போர்த்துகீசியச் சொல் தமிழர் செவியில் 'மீசை' என்று ஒலித்ததென ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அது பூசையாயிற்று. குரு, அருள், கோயில் முதலியனவும் அவ்வாறே இடம்பெற்றன. பூணூலும் குடுமியும் சந்தனமும் குலக்குறிகளே, சமயக்குறிகள் அல்ல என்பது அவர் வாதம். 1623 இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதனை ஏற்றார். ஏற்ற அவ்வாணையிலேயே, உயர்குலத்தோர் எளியோரை இகழலாகாது, அதிலும் அருட்சடங்குகளைப் பெறுமிடத்து இகழலாகாது என்றும் வேண்டினார். ஆணையின் முற்பகுதியைப் பலரும் நினைவிற் கொண்டனர், பிற்பகுதியை மறந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு இயேசு சபையினர் வடக்கு நோக்கி வந்தனர். கர்நாடகப் பணித்தளம் என்று பெயர்பெற்ற அப்பணியில் தக்கோலமும் நம் புங்கனூரும் இடம்பெற்றன. அவர்களும் நொபிலியின் வழியே துறவுக்கோலம் பூண்டனர். அப்போதுதான், 1703 நவம்பரில், திருத்தந்தையின் தூதராகத் துர்னோன் என்பவர் சீனம் செல்லும் வழியில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டுத் திங்கள் தங்கினார். நோயினால் உள்நாட்டுக்குள் செல்ல அவருக்கு இயலவில்லை. 1704 ஜூன் 23 ஆம் நாள் பதினாறு கூறுகள் கொண்ட ஆணையொன்றைப் பிறப்பித்தார். 'மலபார்ச் சடங்குகள்' வழக்கு எனப் புகழ்பெற்றது இதனால் மூண்ட பூசலே. பெயரில் மலபார் இருப்பினும் வழக்கு முழுவதும் தமிழ், தெலுங்கு நாடுகளைப் பற்றியது.

அவ்வாணையின் முதற் கூறு உமிழ்நீரைப் பற்றியது. அன்றைய உரோமைத் திருமுழுக்கு முறையில், குழந்தையின் நாவில் குரு உப்பிடுவார். முகத்தில் மூச்சை ஊதுவார். தம் உமிழ்நீரால் காதையும் மூக்கையும் தொடுவார். செவிடனும் திக்குவாயனுமான ஒருவனை இயேசு உமிழ்நீர் தொட்டுக் குணப்படுத்தியதாக மாற்கு நற்செய்தி கூறும் நிகழ்ச்சியின் நினைவு அது. பாலத்தீனத்தில் அது மருந்தாக இருந்திருக்கலாம். ரோமாபுரியில் அது மரபு. தமிழ்நாட்டிலோ அது எச்சில்! பிறர் வாய்வைத்த குவளையைத் தொடத் தயங்கும் வீட்டில், பிறந்த குழந்தையின் முகத்தில் அயலான் ஒருவன் எச்சிலைத் தடவுவதைத் தாய் எவ்வாறு பொறுப்பாள்? ஆதலின் பணியாளர் அதனையும் ஊதுதலையும் விட்டுவிட்டனர். விடலாகாது என்றது ஆணை. இருதரப்பிலும் நியாயம் இருந்ததை நாம் மறுக்க இயலாது. பொருள் மாறிப்போன குறியைக் கட்டிக்கொண்டு பயனில்லை என்பது ஒரு சார். இன்று எச்சில், நாளை எது என்பது மறு சார்.

கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் எழுத்தர்களாகிய நமக்கு இச்சிக்கல் புதிதன்று. ஆணையின் உயிர் கையொப்பத்தில் உள்ளது. தாளின் நிறமும் சுற்றறிக்கையின் நடையும் காலந்தோறும் மாறும். அருட்சடங்குகளின் உட்பொருளைத் தவிர ஏனையவற்றைத் திருச்சபை மாற்றலாம் என்று திரெந்துச் சங்கமே 1562 இல் கூறியிருந்தது. உட்பொருள் எங்கே முடிகிறது, உடை எங்கே தொடங்குகிறது என்பதே வினா.

பிள்ளையார் உருப்பொறித்த தாலியை ஆணை விலக்கியது. தமிழர் தாலியை விடாமல் அதில் சிலுவையைப் பொறித்துக்கொண்டனர். புனிதர் பெயரையே இடவேண்டும் என்றது. நம்மவர் பேதுருவை இராயப்பராகவும் பவுலைச் சின்னப்பராகவும் யோவானை அருளப்பராகவும் ஆக்கிக்கொண்டனர். மாதவிலக்கான பெண்டிரைக் கோயிலினின்றும் ஒப்புரவினின்றும் விலக்கலாகாது என்றும் ஓரிடத்தில் காண்கிறோம். 1704 இல் இது எழுதப்பட்டது என்பதை நம் வீட்டுப் பெண்கள் கவனிப்பார்களாக.

ஆயினும், அவ்வாணையில் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. நோயுற்ற பறையர் இல்லத்துள் பணியாளர் சென்று அருட்சடங்கு வழங்க வேண்டும் என்று துர்னோன் விதித்தார். ஏனெனில் துறவுக்கோலம் பூண்ட குருக்கள் அவ்வில்லங்களுள் நுழைவதில்லை. நுழைந்தால் உயர்குலத்தோர் அவர்களைக் கைவிடுவர் என்ற அச்சம். சாகும் தறுவாயிலிருந்த நோயாளியைத் தூக்கிக்கொண்டு வேறோரிடத்திற்கு வரவேண்டியிருந்தது; அங்கே குரு எண்ணெய் பூசுவார். உமிழ்நீரை விட்டபோது குறி ஒன்று குறைந்தது, பொருள் குறையவில்லை. இங்கோ நிலை வேறு. நோயில்பூசுதலின் பொருளே இறைவன் நோயாளியைத் தேடி வருகிறான் என்பதன்றோ! நோயாளியே பாடையிற் கிடப்பவன்போல் சுமக்கப்பட்டுக் குருவைத் தேடி வரும்போது எண்ணெய் மட்டுமே மிஞ்சுகிறது. இரண்டையும் 'நாட்டு வழக்கு' என்னும் ஒரே பெயரால் காத்தது அக்காலப் பணியாளரின் பெருங்குறை என்றே நாம் கருதுகிறோம். அவர்களது கல்வியையும் துறவையும் மதித்தே இதைச் சொல்கிறோம்.

வழக்கு நாற்பதாண்டு நீண்டது. 1744 இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதி ஆணை தந்தார். உமிழ்நீருக்கும் ஊதுதலுக்கும் குறித்த காலத்திற்கு விலக்களித்தார். பறையருக்கெனவே தனிக் குருக்களை அமர்த்துவதாக இயேசு சபையினர் கூறியதை ஏற்றார். நோயாளியின் வீட்டுக்குக் குரு வந்தார். குருக்களே இரு பிரிவாயினர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1745 இல், நெல்லை நாட்டு வடக்கன்குளத்தில் திருவிதாங்கூர் அரசுப் பணியாளர் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகிய தேவசகாயம் என்பதே அவருக்கு இடப்பட்ட பெயர். குலவேறுபாடின்றிப் பழகிய அவர் 1752 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முழுக்குப் பெற்ற அதே ஊரின் கோயிலில், பின்னாளில் சாதியின் பொருட்டுத் தடுப்புச்சுவர் நின்றதும், 1910 இல் கௌசானல் அடிகள் அதனை இடித்ததும், அதன்மேல் வழக்கு மன்றம் ஏறியதும் வரலாறு.

சடங்குகளைப் பற்றிப் பணியாளர் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940 இல் நீங்கிற்று. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கும் மரபுக்கும் கதவு திறந்தது. 1969 ஆம் ஆண்டை மட்டும் சற்றே நின்று நோக்க வேண்டும். அவ்வாண்டு வெளியான குழந்தைத் திருமுழுக்கின் புதிய முறையில் உப்பும் இல்லை, ஊதுதலும் இல்லை, உமிழ்நீரும் இல்லை. அதே ஆண்டில்தான் கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கு ஏற்றுதல், ஆரத்தி எடுத்தல், காலணி கழற்றுதல் முதலிய பன்னிரண்டு இந்திய வழக்கங்களுக்கு ரோமாபுரி இசைவளித்தது. இரு நூற்றாண்டுப் பூசலுக்குப்பின் எச்சில் ஓசையின்றி வெளியேறியது. கைகூப்புதல் உள்ளே வந்தது.

மற்றொரு கூறு அத்துணை எளிதில் தீரவில்லை. சித்தூரும் திருப்பதியும் அடங்கிய கடப்பை மறைமாவட்டம் 1976 இல் உருவாயிற்று. அம்மறைமாவட்டத்திற்கெனக் கர்நூல் பகுதியில் பிறந்த தலித் இளைஞர் ஒருவர் 1992 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர்க் கர்நூல் ஆயராகவும் ஐதராபாத் பேராயராகவும் உயர்ந்த அந்தோணி பூலா அவர்களே அவர். தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்ட 2022 ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டுத் திங்களில், அவர் கர்தினால் ஆனார். தலித் மக்களிடமிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் அவர். எந்த இல்லத்துள் குருக்கள் நுழைய வேண்டுமென்று 1704 இல் ஆணையிட வேண்டியிருந்ததோ, அத்தகைய இல்லத்திலிருந்து எழுந்து வந்து எண்ணெய் பூசிய கைகள் அவருடையவை.