இந்தியாவில் வட்டியில்லா வங்கியியல் ஆய்வு

குர்ஆன் விலக்கிய 'ரிபா' எனும் வட்டியைத் தவிர்த்து வங்கி நடத்தும் வழிகளை, இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹின் துணைகொண்டு ஆராயும் துறை. இதன் தொடக்ககால நூல்கள் பல இந்தியாவில் எழுந்தவை.

தோற்றம்

1940களில் ஹைதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் அன்வர் இக்பால் குரைஷி, வட்டிக் கோட்பாட்டை இஸ்லாமிய நோக்கில் ஆராய்ந்து நூல் எழுதினார். அலிகரைச் சேர்ந்த முகம்மது நஜாத்துல்லாஹ் சித்தீகி 1969இல் உருதுவில் எழுதிய நூல், முழு வங்கிக்கே திட்டம் வகுத்தது. வைப்பாளருக்கும் வங்கிக்கும் இடையிலும், வங்கிக்கும் தொழில் செய்பவருக்கும் இடையிலும் 'முளாரபா' ஒப்பந்தம். இலாபம் பேசிய விகிதத்தில் பிரியும், நட்டம் முதல் போட்டவரைச் சேரும். 1982இல் அவர் மன்னர் ஃபைசல் பரிசு பெற்றார்.

மையச் சிக்கல்

ஆனால் நடைமுறையில் இஸ்லாமிய வங்கிகள் பெரிதும் கையாண்டது முளாரபாவை அல்ல, 'முராபஹா'வை. வாடிக்கையாளர் கேட்கும் 8 லட்ச ரூபாய் வண்டியை வங்கியே வாங்கி, 9 லட்சத்துக்குத் தவணையில் விற்கும். வண்டி வங்கியின் உடைமையாகி, அதன் இழப்புக்கும் வங்கி பொறுப்பேற்ற பிறகே விற்கலாம். தவணை தவறினாலும் விலை ஏறக்கூடாது. இவை காகிதத்தோடு நின்றால் மிஞ்சுவது வட்டிக்கடனே. சரக்கைப் பெயருக்குக் கைமாற்றி ரொக்கம் தரும் 'தவர்ருக்' முறை கடனைத்தான் பெருக்கும் என்று சித்தீகி 2007இல் எதிர்த்தார். வங்கிகள் ஏற்பாடு செய்யும் தவர்ருக் கூடாதென்று பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2009இல் தீர்மானித்தது.

சட்டநிலை

1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. முராபஹாவுக்கு அதிலேயே வழி அடைபடுகிறது. ரகுராம் ராஜன் குழு 2008இலும் தீபக் மொஹந்தி குழு 2015இலும் வட்டியில்லாச் சேவையைப் பரிந்துரைத்தன. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. இலங்கையோ 2005இல் சட்டத்தைத் திருத்தியது. 2011இல் அமானா வங்கி அங்கே செயல்படத் தொடங்கியது.

சென்னையில்

நகரத்துக் குடும்பங்களுக்கு இந்த விவாதம் வீட்டு லீஸில் எதிர்ப்படுகிறது. வீட்டுக்காரரிடம் பெருந்தொகை கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலிசெய்யும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது வழக்கம். கொடுத்த பணம் கடன், குடியிருப்பு அதன் ஆதாயம். ஆகவே இது ரிபா என்பது ஆலிம்கள் எனும் மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. வங்கிக் கணக்கில் சேரும் வட்டியைத் தொடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோரும் உண்டு. இவர்களுக்குச் சட்டம் ஏற்கும் மாற்றுவழியைக் கண்டு தருவதே இத்துறை இன்னும் செய்து முடிக்காத பணி.