ஓரக் கண்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கிறது திருவரங்குளம். அங்கே சிவன் கோயிலுக்குப் பெரியப்பாவோடும் அத்தையோடும் சிறு வயதில் பலமுறை போயிருக்கிறேன். தீபாராதனையின்போது பெரியப்பாவுக்குச் சுவாமியின் முகம் நன்றாகத் தெரியும். பக்கத்துத் தூண் தெரியாது, திரும்புகையில் முட்டிக்கொள்வார். அத்தைக்குத் தூண்களெல்லாம் தெரியும், சுவாமி முகம்தான் தெரியாது. சுவாமிக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரைப் பார்த்துக் கும்பிடுவாள்.

வீட்டில் இதற்கு விளக்கங்கள் இருந்தன. பேப்பரில் பொடி எழுத்துப் படிக்கிற மனிதருக்கு வாசலில் நிற்கிற மாடு தெரியாதா, பெரியப்பா நடிக்கிறார் என்பார்கள். அத்தைக்குக் கர்வம், முகம் கொடுத்துப் பேசமாட்டாள், ஓரக் கண்ணால் அளப்பாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வெகுகாலம் கழித்து எமில் ஜாவால் என்ற பிரெஞ்சுக் கண் வைத்தியரைப்பற்றிப் படித்தேன். 1839-ல் பிறந்தவர். நாம் படிக்கும்போது கண் வரியின்மேல் வண்டிச் சக்கரம்போல உருண்டு போகிறது என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 1878, 79 வாக்கில் பாரிஸில் ஜாவாலின் ஆய்வுக்கூடத்தில், லாமார் என்ற உதவியாளர் இமையின்மேல் ஒரு முனையைப் பொருத்தி, ரப்பர் குழாய் வழியாகக் காதில் கேட்டார். கண் நகரும் ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம். கண் உருளவில்லை, தவளைபோலத் தாவுகிறது! தாவி, கால் விநாடி நிற்கிறது, மறுபடி தாவுகிறது. நிற்கும்போதுதான் படிக்கிறோம்.

எங்கே தாவுவது என்று சொல்வது ஓரப் பார்வை. போய்ச் சேர்ந்த இடத்தில் உற்றுப் பார்ப்பது விழித்திரையின் நடுவிலுள்ள சிறு புள்ளி. பெரியப்பாவுக்கு ஓரம் அழிந்திருந்தது. கைத்தடி கீழே விழுந்தால் அவர் கண் அடுத்தடுத்த சிறு துண்டுகளாகத் தரையைத் தடவும்; கிணற்றுக் கயிற்றை ஜாண் ஜாணாக இழுப்பதுபோல. அத்தைக்கு அழிந்தது நடு. எதை நேரே பார்த்தாலும் அது மறைந்துபோகும். ஆகவே அவள் கண் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பக்கத்தில் நல்லதாக ஒரு இடத்தைத் தேர்ந்து, அதைக்கொண்டு பார்க்கப் பழகியிருந்தது. எதிரில் இருப்பவனைப் பார்க்க வேண்டுமானால் அவனைப் பார்க்கக் கூடாது. கர்வம் என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

ஜாவாலுக்கே கண் போயிற்று என்பது விதியின் குறும்பு. கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி நரம்பைத் தின்னும் கிளாகோமா. 1900-ல் முழுக் குருடாகிவிட்டார். மனிதர் சோர்ந்துவிடவில்லை, புதிதாகப் பார்வை இழந்தவர்கள் எப்படி வாழலாம் என்று 1903-ல் ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். 1907-ல் இறந்தார்.

இரண்டே வருஷம் கழித்து, 1909-ல், அந்த நோய்க்குப் பெயர்பெற்ற ஒரு சிகிச்சை பிறந்தது பாரிஸில் அல்ல, நம் சென்னையில். 1819-லேயே தொடங்கப்பட்ட அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழி ஓரத்தில் கடுகளவு வட்டத் துளை போட்டு உள்நீரை வடியவிட்டார். 1913-ல் அதைப்பற்றிப் புத்தகமும் எழுதினார். மேல்நாட்டு வைத்தியர்களும் அதைக் கைக்கொண்டார்கள். போன பார்வை திரும்பாது; இருப்பதைக் காக்கலாம், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது!

புதுக்கோட்டையில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் எழும்பூர்; ஆஸ்பத்திரியும் எழும்பூரில்தான். பெரியப்பா ஏறவில்லை. நாங்களும் ஏற்றவில்லை. "பேப்பர் படிக்கிறேனே, எனக்கென்ன கண் கோளாறு?" என்பார். கிளாகோமாவின் வஞ்சகமே அதுதான்: நடுப் பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும். கடைசியில் அதுவும் போயிற்று. திண்ணையில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது படித்துக் காட்டுவார்களா என்று காத்திருப்பார்.

அத்தையின் கடைசிக் காலத்தில் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தேன். எதிரே உட்கார்ந்தேன். அவள் என் காதைத் தாண்டி ஜன்னல் பக்கம் பார்த்தாள். முன்னெல்லாம் நான் திரும்பி ஜன்னலைப் பார்ப்பது வழக்கம். அன்று அசையாமல் இருந்தேன்.

"ஏம்ப்பா, இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்றாள்.