குழந்தைகளின் சுவாச நோய்களில் வைரஸ்–பாக்டீரியாத் தொடர்பு

இளங்குழந்தைகளுக்குச் சாதாரண ஜலதோஷமாகத் தொடங்கும் வியாதி, சில தினங்களில் காதில் சீழாகவோ நிமோனியாவாகவோ முற்றுவதற்கு, வைரஸ் செய்த சேதத்தைப் பாக்டீரியா தனக்குச் சாதகமாக்கிக்கொள்வதே பல சமயங்களில் காரணமாகும்.

சரித்திரம்: 1892ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைஃபர், இன்ஃப்ளூயென்சா நோயாளிகளின் கோழையில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே அந்நோயின் மூலகாரணம் எனத் தவறாகக் கருதினார். பன்றிகளின் இன்ஃப்ளூயென்சாவில் வைரஸ் தனித்து இலேசான நோயையே தருகிறது என்பதையும், அதனுடன் பாக்டீரியா சேரும்போதே நோய் உக்கிரமடைகிறது என்பதையும் 1931இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஷோப் எடுத்துக்காட்டினார். 1933இல் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகியோர் மனிதரிடமிருந்து இன்ஃப்ளூயென்சா வைரஸைப் பிரித்தெடுத்தனர்.

நிகழும் விதம்: நியுமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, ஆரோக்கியமான குழந்தைகள் பலரின் மூக்குக்குப் பின்புறமுள்ள தொண்டைப் பகுதியில் தீங்கின்றி வசிக்கிறது. ஆனால், கோழையை வெளித்தள்ளும் நுண்மயிர்களையுடைய செல்களை வைரஸ் அழித்துவிடுவதாலும், இன்ஃப்ளூயென்சா வைரஸின் நியூராமினிடேஸ் என்னும் நொதி செல்களின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தை நீக்கிப் பாக்டீரியா பற்றிக்கொள்ளத்தக்க இடங்களை வெளிப்படுத்துவதாலும், அதுவரை அடங்கியிருந்த அப்பாக்டீரியா பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது. குழந்தைகளின் நடுச்செவியைத் தொண்டையுடன் இணைக்கும் குழாய், பெரியவர்களுடையதைவிடக் குட்டையாகவும் கிடைமட்டத்துக்கு நெருங்கியும் இருப்பதால், காதும் எளிதில் பீடிக்கப்படுகிறது.

சோதனைச் சான்று: தென்னாப்பிரிக்காவின் சவெட்டோவில், ஏறத்தாழ 40,000 சிசுக்களைக் கொண்டு, 9 வகை நியுமோகாக்கஸ்களுக்கு எதிரான தடுப்பூசி பரிசோதிக்கப்பட்டது. 2004இல் வெளியான அதன் முடிவுகளின்படி, தடுப்பூசியை முழுமையாகப் பெற்ற குழந்தைகளிடையே, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றியதும் சுவாச வைரஸ் காணப்பட்டதுமான நிமோனியா, சுமார் 31 சதவீதம் குறைந்தது. பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி வைரஸ் நோயெனக் கருதப்பட்டதையும் குறைத்ததிலிருந்து, அந்நோயில் பாக்டீரியாவுக்கும் பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

தடுப்பும் சிகிச்சையும்: ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரஸை அழிப்பதில்லையாதலால், ஒவ்வொரு ஜலதோஷத்துக்கும் அவற்றைக் கொடுப்பது பயனற்றது; பாக்டீரியா நிமோனியாவிலோ அவை உயிர்காப்பவை. இருமலோடு, 2 மாதம் முதல் 11 மாதம் வரையுள்ள குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவையும், 1 வயது முதல் 5 வயது வரையுள்ள குழந்தை 40 தடவையும், அதற்கு மேலும் மூச்சு வாங்கினால், தாமதமின்றி வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.